நைட் ஷிஃப்ட்டும் எபிரெயர் ஆறாம் அதிகாரமும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாலிபர் முகாமில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தார். வீட்டில் வேறு யாரும் விசுவாசிகள் இல்லை. முதல் வருஷம் அதிகாலை ஜெபம், உபவாசம், வேத வாசிப்பு எல்லாம் தானாக வந்தது. இப்போது ஷிஃப்ட் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போனால் அதிகம். ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, இல்லாவிட்டால் கை போனுக்குப் போகிறது. ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வசூலிக்கும் பணம், கேட்டார்கள், கொடுத்துவிட்டார். திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டார். சாதிச் சான்றிதழில் இந்து என்று இருப்பதும் உறுத்துகிறது. பைபிளில் எபிரெயருக்கு எழுதின கடிதத்தில் 6:4-6 படித்த நாளிலிருந்து பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'கிறிஸ்தவ வாழ்க்கையில் உண்மையாய் நிலைத்திருப்பது எப்படி?' என்று தலைப்புப் போட்டிருக்கிறார். உள்ளே கேட்டிருப்பது வேறு. 'நான் ஏற்கெனவே விழுந்துபோனேனா, இனிமேல் எனக்கு வழி இருக்கிறதா?' என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

தம்பி, நான் லுத்தரன் சபையில் போதகராக இருந்து ஓய்வுபெற்றவன், ஊர் கிருஷ்ணகிரி. மிசௌரி லுத்தரன் மிஷன் 1895-ல் இந்தியாவில் வேலையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அதனால் இங்கே நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு, உங்களைப் போல வீட்டில் முதல் ஆளாக வந்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் சோதனை ஒரே மாதிரி வருவதில்லை. பழைய குடும்பத்துப் பையன் ஆறு மாதம் ஆலயப் பக்கம் தலைகாட்டாவிட்டாலும் சபை ரிஜிஸ்டரில் பெயர் இருக்கும், பாட்டி ஜெபித்துக்கொண்டிருப்பார், கிறிஸ்மஸுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பான். உங்களுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் வீட்டில் கேட்க ஆளில்லை, சொல்லப்போனால் சந்தோஷப்படத்தான் ஆள் இருக்கும். உங்களை அந்தப் பையனோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அப்புறம், நான் சொல்வதில் சில இடங்களில் பெந்தெகொஸ்தே நண்பர்களும் கத்தோலிக்க நண்பர்களும் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள். அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

எபிரெயரில் இருந்து ஆரம்பிப்போம். ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, பிறகு மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதற்கேதுவாய் மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்று அங்கே எழுதியிருக்கிறது. இதைப் படித்துப் பயந்தது நீங்கள் மட்டுமில்லை. எங்கள் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரே 1522-ல் இந்தக் கடிதத்துக்கு எழுதிய முன்னுரையில் இந்தப் பகுதியைக் கடினமான முடிச்சு என்றுதான் சொன்னார். கால்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழியில் வந்தவர்கள், இப்படி முற்றிலும் விலகிப்போகிறவர் ஆரம்பத்திலிருந்தே மெய்யான விசுவாசியாக இருக்கவில்லை என்பார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி வழியில் வந்தவர்கள், மெய்யான விசுவாசியும் விழ முடியும், ஆனாலும் திரும்பி வர முடியும் என்பார்கள். இந்த வழக்கு நானூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, இங்கே நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

வழக்கில்லாத விஷயங்களும் அந்த அதிகாரத்திலேயே இருக்கின்றன. கடிதம் எழுதப்பட்டது பாடுகளுக்குப் பயந்து கிறிஸ்துவையே வேண்டாம் என்று சொல்லிவிடும் நிலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு. அங்கே சொல்லியிருப்பது அறிந்து, வெளிப்படையாகக் கிறிஸ்துவைத் தள்ளிவிடுவதைப் பற்றி. ஜெபத்தில் தூங்கிவிழுவதைப் பற்றியோ ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு ஆராதனை தவறுவதைப் பற்றியோ அங்கே ஒரு வார்த்தை இல்லை. மூன்றே வசனம் தள்ளி, ஒன்பதாம் வசனத்தில், 'பிரியமானவர்களே, இப்படிச் சொன்னாலும் உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டென்று நம்பியிருக்கிறோம்' என்கிற கருத்தில் கடிதத்தை எழுதியவர் சொல்கிறார். பயமுறுத்துகிற பிரசங்கிகள் ஆறாம் வசனத்தோடு பைபிளை மூடிவிடுவார்கள். நீங்கள் மூடாதீர்கள்.

சபை சரித்திரத்திலும் இதற்கு ஒரு சோதனைக்காலம் வந்தது. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலி செலுத்தி, செலுத்தியதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். எகிப்தில் அந்தச் சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாளில் இன்றைக்கும் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் நிறையப் பேர் பயந்து பலி செலுத்தினார்கள். சிலர் பலி செலுத்தாமல் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அடக்குமுறை ஓய்ந்ததும் இவர்கள் எல்லாரும் சபை வாசலில் வந்து நின்றார்கள். ரோமில் நோவேஷியன் என்பவர், இவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று தனிச் சபை கண்டார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் மற்ற ஆயர்களும் 251-ல் கூடி, ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாக விசாரித்து, மனந்திரும்புதலுக்குக் காலம் கொடுத்துச் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். நோவேஷியன் கட்சிக்காரர்கள் பின்னாளில் தூக்கிப் பிடித்த வசனம் எது தெரியுமா? நீங்கள் படித்துப் பயந்த அதே எபிரெயர் 6. மிலான் ஆயர் அம்புரோஸ் அதற்குப் பதில் எழுதினார்: ஞானஸ்நானத்தை இரண்டாம் தடவை கொடுக்க முடியாது என்பதைத்தான் அந்த வசனம் சொல்கிறது, மனந்திரும்புதலை அது மறுக்கவில்லை என்று. அம்புரோஸின் விளக்கம் முழுக்கச் சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் பலிபீடத்தில் நின்று மறுதலித்தவர்களையே சபை திரும்பச் சேர்த்தது என்பதில் சந்தேகம் இல்லை. தலைக்கட்டு வரி கொடுத்த உங்களைச் சேர்க்காமல் விடுமா?

அடுத்தது இந்த வறட்சி. 'இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், உபவாசம் போடுங்கள்' என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அது எப்போதும் சரியான மருந்து என்று நான் நினைக்கவில்லை. எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்து 399-ல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, ஜெப வாழ்க்கையில் வரும் ஒரு சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். 91-ம் சங்கீதத்தில் மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம் என்று வருகிறதே, அதை வைத்து மத்தியானப் பிசாசு என்று அதற்குப் பெயர். அது வந்தால் சூரியன் நகரவே நகராது, ஒரு நாள் ஐம்பது மணி நேரம் மாதிரி இருக்கும். துறவி ஜன்னலையே பார்ப்பார். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எழுந்துபோய் வெயிலைப் பார்ப்பார். பேச யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு இந்த இடமே சரியில்லை, செய்கிற வேலை சரியில்லை, சகோதரர்களிடம் அன்பே இல்லை என்று தோன்றும். கடைசியில் வீட்டு ஞாபகம் வரும். போன் ஒன்றுதான் பாக்கி, மற்றபடி உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதும் இதேதான். கவனியுங்கள், அவர் இதை விசுவாசத்தை இழந்தவனின் அடையாளமாக எழுதவில்லை. ஜெபிக்கிறவனுக்கு வருகிற சங்கடமாகத்தான் எழுதுகிறார். அவர் சொன்ன மருந்தும் எளியது: இடத்தை விட்டு எழுந்து போகாதே, 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்' என்று உன் உள்ளத்தோடு நீயே பேசு.

முதல் வருஷத்து ஆசை ஏன் போயிற்று என்றால், அது போகக்கூடியதுதான். முகாமில் மூன்று நாள் பாட்டு, கூட இருநூறு வாலிபர், நல்ல பிரசங்கம். அந்தச் சூட்டில் கிடைத்த உணர்ச்சி மெய்யானதுதான், அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் நம் சபைகளில் பலவும் அந்த உணர்ச்சியையே விசுவாசத்துக்கு அளவுகோலாக வைத்துவிட்டன. கண்ணீர் வந்தால் ஆவியானவர் இருக்கிறார், வராவிட்டால் ஏதோ பாவம் இருக்கிறது என்று பேசுகிறோம். இந்த இடத்தில் பெந்தெகொஸ்தே நண்பர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். சோர்வு ஜெபத்தில் மட்டும்தானா, எல்லாவற்றிலுமா? வீக் ஆஃப் நாளிலும் தூக்கம் பிடிக்காமல், சாப்பாடு இறங்காமல், நண்பர்களோடு பேசப் பிடிக்காமல், செத்துப்போனால் தேவலை என்கிற நினைப்பு வந்தால் அது போதகரிடம் மட்டும் சொல்லி முடிக்கிற காரியமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம். நைட் ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பது உடம்பையும் மனசையும் எப்படிப் புரட்டிப்போடும் என்று உங்களுக்கே தெரியும். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பிடச் சொல்லி, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னார். 1 இராஜாக்கள் 19-ல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். 'ஓய்வுநாளை மீறுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு விடுமுறை நாள் ஆனதே கான்ஸ்டன்டைன் 321-ல் போட்ட சட்டத்தால்தான், அதிலும் விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. அதற்கு முன் ஏறக்குறைய முந்நூறு வருஷம் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவுக்குப் பாட்டுப் பாடுகிறார்கள், கலைந்துபோகிறார்கள், பிறகு சாப்பிட மறுபடி கூடுகிறார்கள் என்று. அவர் பிடித்து விசாரித்தவர்களில் இரண்டு பேர் அடிமைப் பெண்கள், சபையில் உதவி ஊழியம் செய்தவர்கள். எஜமான் வேலைக்குக் கூப்பிடும் முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில்தான் அவர்கள் ஆராதித்திருக்க வேண்டும். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: 'நாங்கள் முன்பு கிறிஸ்தவர்கள், இப்போது இல்லை' என்று சொன்னவர்களும் அங்கே இருந்தார்கள். சிலர் மூன்று வருஷத்துக்கு முன்னே விட்டவர்கள், சிலர் இருபது வருஷத்துக்கு முன்பே. ஆக, மூன்று வருஷத்தில் தளர்ந்துபோவது புதுக்கதை இல்லை.

அதற்காக ஆராதனை தேவையில்லை என்று சொல்லவரவில்லை. 'சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்' என்று எபிரெயர் 10-ல் இருப்பது தெளிவான கட்டளை. கூடிவருகிற கிழமைதான் மாறலாம். என் சபையில் ஒருவர் இருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி யூனிஃபார்மோடு, டிபன் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் தலை சாய்ந்துவிடும். விசுவாசப்பிரமாணம் சொல்ல எல்லாரும் எழும்போது பக்கத்து ஆள் முழங்காலில் தட்டுவார், இவரும் எழுந்து 'வானத்தையும் பூமியையும் படைத்த' என்று சேர்ந்துகொள்வார். பிரசங்கத்தில் ஒரு வரிகூட அவர் கேட்டிருக்கமாட்டார். சபையில் சிலர் இதை என்னிடம் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அவர் வந்ததே பெரிய விஷயமாகத் தெரிந்தது. உங்களால் காலையில் முடியாவிட்டால் மாலை ஆராதனை வைக்கிற சபையைத் தேடுங்கள். அதுவும் முடியாத வாரம், அறையில் கூடத் தங்கியிருக்கும் ஒரு விசுவாசியோடு பத்து நிமிஷம் ஒரு சங்கீதம் வாசித்து, பரமண்டல ஜெபம் சொல்லுங்கள். யூடியூபில் ஆராதனை பார்ப்பது தப்பில்லை. ஆனால் நீங்கள் வராவிட்டால் யூடியூப் உங்களைத் தேடாது.

நான் கண்ட வரையில், எங்கள் பகுதியில் ஆட்கள் சபையை விட்டுப் போவது மறுதலித்து அல்ல, வெட்கப்பட்டுத்தான். இரண்டு வாரம் வராமல் இருப்பார்கள். மூன்றாம் வாரம் போனால் 'என்ன பிரதர், ஆளையே காணோம்?' என்று வாசலிலேயே நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நாலாம் வாரமும் போகமாட்டார்கள். பாஸ்டர் போன் பண்ணினால் எடுக்கமாட்டார்கள். ஒரு வருஷம் கழித்துத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இதுதான். ஜெப வறட்சியைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. இந்த விஷயங்களை முகம் தெரியாத என்னிடம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் போதகரிடம் சொன்னதாக எழுதவில்லை.

ஊர் வரி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. உறுதியான பகுதி: வேறு தெய்வத்துக்கு வழிபாடு செய்வதில் பங்கெடுக்கக் கூடாது, 1 கொரிந்தியர் 10:21 அதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில், நாலே வசனம் தள்ளி, கடையில் விற்கிற எதையும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டால் போய் வைத்ததைச் சாப்பிடுங்கள், இது படைத்தது என்று யாராவது சொன்னால் சொன்னவருக்காக விட்டுவிடுங்கள் என்கிறார். அதாவது வழிபாடு ஒன்று, சாப்பாடு ஒன்று, உறவு ஒன்று என்று பிரித்துப் பார்க்கிறார். தலைக்கட்டு வரி இதில் எந்தப் பக்கம் வரும் என்பதில் நேர்மையான கிறிஸ்தவர்களே வேறுபடுகிறார்கள். கொடுக்கவே கூடாது என்பவர்கள் உண்டு. என் கருத்து: உங்கள் குடும்பம் ஊரில் இருக்கிறது, வரி குடும்பத்தின் மேல் விழுகிறது, நீங்கள் மறுத்துவிட்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டால் பேச்சு வாங்குவது அம்மா. அப்பா கேட்டு நீங்கள் கொடுத்த பணத்தை நான் மறுதலிப்பாகப் பார்க்கமாட்டேன். முடிந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி, உங்கள் பங்கை அன்னதானத்துக்கோ தண்ணீர்ச் செலவுக்கோ வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும், எல்லா ஊரிலும் அது நடக்காது என்பதும் தெரியும்.

2 இராஜாக்கள் 5-ல் சீரியா ராஜாவின் படைத்தலைவன் நாகமானைப் பாருங்கள். கர்த்தரை மட்டும் சேவிப்பேன் என்று சொன்ன கையோடு ஒரு சங்கடத்தையும் சொல்கிறார்: என் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் மன்னிப்பாராக என்று. எலிசா தீர்க்கதரிசி அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. 'சமாதானத்தோடே போ' என்றார். இதை வைத்து எல்லாவற்றுக்கும் அனுமதி என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் தனியாக ஒரு வீட்டில் விசுவாசியாக இருப்பவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை எலிசாவிடம் எங்களைப் போன்ற போதகர்கள் படிக்கலாம். அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுங்கள், மாதம் தவறாமல் பணம் அனுப்புங்கள், சாமி கும்பிட மட்டும் கூப்பிடாதே அம்மா என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்கள் சாதிச் சான்றிதழ் விஷயத்தில் பொதுவெளியில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சட்டம் இது: 1950-ம் வருஷத்து ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது, 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சலுகை கேட்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் கடுமையாகக் கண்டித்தது. இந்த ஆணையை அநீதி என்று சொல்லி ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகச் சபைகள் கடைப்பிடிக்கின்றன, நானும் அதில் நின்றிருக்கிறேன். பொய் சொல்லலாம் என்று எந்தப் போதகரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. அதே சமயம், இதில் ஒரு ரூபாய்கூட இழக்காத குடும்பத்தில் பிறந்தவர் மேடையிலிருந்து உங்களை மிரட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். சட்டம் தெரிந்த ஒருவரையும் போதகரையும் வைத்துக்கொண்டு நிதானமாக முடிவெடுங்கள். உங்கள் இரட்சிப்பு அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

கடைசியாகத் திருவிருந்து. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்தால் ஆக்கினை என்ற 1 கொரிந்தியர் 11-க்குப் பயந்து நம் ஊரில் எத்தனையோ பேர் பந்தி நேரத்தில் எழுந்து வெளியே போய் நிற்கிறார்கள். அந்தப் பகுதியை மேலேயிருந்து படியுங்கள். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டு, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கோபப்பட்டது அதற்கு. ஜெபத்தில் உணர்ச்சி வராதவனை அவர் பந்தியிலிருந்து எழுப்பவில்லை. 'உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது' என்ற வார்த்தையை நம்புகிறவனே பாத்திரவான் என்று லூத்தரின் சிறிய ஞானோபதேசம் சொல்கிறது, நான் அதையே கற்றுக்கொடுத்திருக்கிறேன். மனசறிந்து செய்கிற பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கையிட்டுவிட்டு வாருங்கள். சில சபைகளில் போதகர் சிறிது காலம் பொறுக்கச் சொல்வார், அது அவர் உங்களைக் கேட்டறிந்து எடுக்க வேண்டிய முடிவு. நீங்களாகவே உங்களுக்குத் தண்டனை விதித்துக்கொள்ளாதீர்கள்.

பல சபைகளில் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. உங்களுக்கு அன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்று இப்போதே பாருங்கள். மாற்றிக்கொள்ள முடிந்தால் கூட வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள், அவருக்குப் பண்டிகை வரும்போது நீங்கள் பதிலுக்குப் பார்த்துக்கொடுக்கலாம். அதற்கு முன்னால் போதகருக்கு ஒரு போன் போட்டு, 'ஐயா, ஆராதனை முடிந்ததும் பத்து நிமிஷம் பேசணும்' என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவர் எடுத்த எடுப்பில் திட்டினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஓசூரில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கக்கூடிய ஒன்றிரண்டு பேரை நான் சொல்கிறேன்.